குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புழு

பதுளைத் தோட்டங்களில் பீலிக்கரைக்கு மேலே ஏறி, ஓடையில் கிடக்கும் கல் ஒன்றைப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் பழுப்பாக, ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் ஏதாவது வழுக்கி நகர்ந்தால் அட்டை என்று நசுக்கிவிடாதீர்கள். அது இரத்தம் குடிக்காது. பாடநூலில் பிளனேரியா என்று படித்தோமே, அந்தத் தட்டைப்புழுதான். இலங்கை ஓடைகளில் இருப்பது டுகேசியா பேரினம்.

முக்கோணத் தலையில் மாறுகண் போல இரண்டு புள்ளிகள். வாய் இருப்பது வயிற்றின் நடுவில். அதிலிருந்து குழாயொன்றை நீட்டிச் சிற்றுயிர்களையும் செத்தவற்றையும் உறிஞ்சும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும். உடலின் 279இல் ஒரு பங்குத் துண்டும் முழுப்புழுவாக வளரக்கூடும் என்று 1898இல் உயிரியலாளர் தோமஸ் ஹன்ட் மோர்கன் கணித்தார். உலகம் இதைக் கொண்டாடுவது இந்த வித்தைக்காக. எனக்கோ அது எங்கே வாழ்கிறது என்பதே பெரிய அதிசயம்.

நுரையீரல் இல்லை, மீனுக்கு இருப்பதுபோல் பூ (செவுள்) இல்லை, இரத்தமும் இல்லை. ஒட்சிசன் முழுவதும் தோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் உடல் இத்தனை தட்டை. வெயில் பட்டால் காய்ந்துவிடும், கடலுப்பு கொன்றுவிடும். மிதந்து பரவும் குடம்பிப் பருவமும் கிடையாது. நன்னீர் தொடரும் வழியில் மட்டுமே அது பரவ முடியும்.

நமுனுகுல மலையைப் பாருங்கள். ஒரு சரிவின் தண்ணீர் பதுளை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு திருகோணமலைப் பக்கம் கடல் சேர்கிறது. மறுசரிவில் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமம் வழியாகத் தெற்கே போகிறது. இடையில் இருப்பது மலைமுகடு ஒன்றுதான். நாம் நடந்தே கடக்கும் அந்த முகட்டைப் புழுவால் கடக்க முடியாது.

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பிடித்த பிறகு, செப்பு கலந்த மருந்து தெளிப்பது வழக்கமானது. மழை கழுவும் மருந்து சரிவில் இறங்கி ஓடைக்குத்தான் வரும். செப்பு சிறிதளவே கலந்தாலும் பிளனேரியாவுக்கு நஞ்சு. ஒரு ஓடையில் அது அழிந்தால், முகட்டுக்கு அப்பாலிருந்து இன்னொன்று வந்து அந்த இடத்தை நிரப்பாது.

மலையகப் பாடசாலை மாணவர்களே, சிறு ஈரல் துண்டொன்றை நூலில் கட்டி மாலையில் ஓடையில் விட்டு, காலையில் பாருங்கள். புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடையின் பெயரையும் திகதியையும் குறித்துவையுங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.