பத்து ரூபாய்ச் சீட்டு

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வரும் காலைப் பேருந்தில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக வருவோம். பாலாற்றுப் பாலம் வரும்வரை வீட்டுக் கதை, பாலம் தாண்டியதும் வீட்டுப்பாடம் என்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு காலையில் தோழி ஒருத்தி, “இந்தியா ஜெயிச்சுது, எங்க அண்ணன் தோத்துட்டாரு” என்றாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாடு வென்றால், அந்த நாட்டின்மேல் பணம் வைத்தவர் எப்படித் தோற்பார்? கணித ஆசிரியையைக் கேட்டும், நாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். தோழி சம்மதம் தந்தாள். தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அண்ணன் வைத்தது திருவிழாக் கடைகளில் நாம் காணும் பந்தயம் அன்று. கைப்பேசிச் செயலிகள் அதற்குக் ‘கருத்து வணிகம்’ என்று கௌரவமான பெயர் சூட்டியிருந்தன. வெளிநாட்டார் ‘கணிப்புச் சந்தை’ என்பர். இதில் ஒரு கேள்வி இருக்கும்: “இன்று இந்திய மகளிர் அணி வெல்லுமா?” அதற்கு ‘ஆம்’ என்று ஒரு சீட்டு, ‘இல்லை’ என்று ஒரு சீட்டு. ஆட்டம் முடிந்ததும் சரியான சீட்டுக்குப் பத்து ரூபாய், மற்றதற்கு ஒன்றுமில்லை. ‘ஆம்’ சீட்டு நான்கு ரூபாய்க்கு விற்றால் ‘இல்லை’ சீட்டு ஆறு ரூபாய். அதாவது, வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து இந்தியாவின் வெற்றி வாய்ப்பை நூற்றுக்கு நாற்பது என்று மதிக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போதே இந்த விலை ஏறும், இறங்கும். இடையிலும் விற்கலாம், வாங்கலாம். வினை அங்கேதான்.

இவ்வகைச் சந்தையை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 1988-ல் ஆராய்ச்சிக்காக, சிறு தொகைகளைக் கொண்டு தேர்தல் முடிவை முன்னறிய நடத்தினர். விலை கூறிப் பந்தயம் கட்டுவதோ மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டு உரோமையில் அடுத்த பாப்பரசர் யார் என்று கர்தினால்மாருக்கே விலை கூறினார்கள். பாப்பரசர் 14-ஆம் கிரகோரி 1591-ல் அதைத் தடைசெய்து, மீறுவோருக்குச் சபை நீக்கம் என்று ஆணையிட்டார். இருந்தும் 2025 மே மாதத் தேர்தலின்போது வெளிநாட்டுக் கணிப்புச் சந்தைகளில் பல கோடி புரண்டது. அங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடந்த பெயர்களுள் ஒன்று இராபர்ட் பிரவோஸ்ட். அவரே 14-ஆம் லியோ ஆனார். இதைச் சொன்னபோது சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

இனி அண்ணன் கதைக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 5, பாரிஸ் ஒலிம்பிக். மேசைப்பந்துக் குழுப் போட்டிக்கு இந்திய மகளிர் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. எதிரணி ருமேனியா. முதலில் ஓர் இரட்டையர் ஆட்டம், பின்பு ஒற்றையர் ஆட்டங்கள். மூன்றை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. அண்ணன் நான்கு ரூபாய் விலையில் 400 ‘ஆம்’ சீட்டு வாங்கினார், 1,600 ரூபாய். ஸ்ரீஜா அகுலாவும் அர்ச்சனா காமத்தும் இரட்டையரில் வென்றனர். மணிகா பத்ராவும் வென்றார். இந்தியா 2-0. விலை எட்டு ரூபாய்க்கு ஏறியது. அண்ணனுக்குக் கை பரபரத்தது. மேலும் 500 சீட்டு, 4,000 ரூபாய். அந்தப் பணம், சேலை ஒன்று நெய்ய அப்பா வாங்கி வைத்திருந்த முன்பணம்.

அடுத்து ஸ்ரீஜா தோற்றார், அர்ச்சனாவும் தோற்றார். 2-2. விலை சரிந்தது. கைப்பேசியில் வரும் காட்சி அரங்கில் நடப்பதற்குச் சில விநாடியேனும் பிந்தியே வரும். மேசைப்பந்தில் ஒரு புள்ளி முடியவே சில விநாடிதான்! அரங்கில் இருப்பவனோ, வேகமான தகவல் பெறுபவனோ முந்திக்கொள்வான். மாகறலில் திண்ணையில் அமர்ந்து பார்ப்பவருக்குப் பழைய செய்தியே கிடைக்கும். அண்ணன் பயந்து, 900 சீட்டையும் ஐந்து ரூபாய்க்கு விற்றார். கிடைத்தது 4,500, போட்டதோ 5,600. பிறகு மணிகா கடைசி ஆட்டத்தை 3-0 என்று வென்று, இந்தியாவைக் காலிறுதிக்குக் கொண்டு சென்றார். சீட்டுகளைக் கையில் வைத்திருந்தால் 9,000 ரூபாய். விட்டதைப் பிடிக்க, ஆகஸ்ட் 7 அன்று ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் அந்த 4,500-ஐயும் இந்தியாவின்மேல் வைத்தார். இந்தியா 1-3 என்று தோற்றது.

“அப்படியானால் நன்றாக விளையாட்டு தெரிந்தவர் லாபம் பெறலாமே?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதே. நடுவில் நடத்துபவருக்குக் கழிவு வேறு. ஆகவே ஆடுவோர் அனைவரையும் கூட்டினால் கணக்கு எப்போதும் நட்டம்தான். மேலும், தெரிந்தவர் என்பவர் யார்? அதே 2024 பிப்ரவரியில் பூசான் நகரில் உலகக் குழுப் போட்டி. சீனாவின் சுன் யிங்ஷா உலகின் முதலிடத்தவர். அவரை நைஹாட்டியைச் சேர்ந்த ஐஹிகா முகர்ஜி 12-10, 2-11, 13-11, 11-6 என்று வீழ்த்தினார். அப்போது அவருடைய தரவரிசை நூற்றைம்பதுக்கும் கீழே. அவர் மட்டையின் ஒரு பக்கத்து ரப்பர், வரும் பந்தின் சுழற்சியை மழுக்கிவிடும் வகை. ஸ்ரீஜாவும் வாங் யிடியை வென்றார். முடிவில் சீனா 3-2 என்று தப்பியது. அன்று காலை இதை எந்த விலைப்பலகை சொல்லியிருக்கும்?

இச்செயலிகள் தன் மேற்பார்வையில் இல்லை, முதலீட்டாளருக்குப் பாதுகாப்பும் இல்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

அந்த 5,600 ரூபாய்க்கு, தோழியின் அப்பா நெய்த சேலைகளின் கூலியில் பிடித்தம் நடந்தது; தீபாவளிக்குப் பின்னும் நடந்தது. அண்ணன் இப்போது தறியில் அப்பாவுக்குத் துணையாகக் கோர்வைக்கு நாடா தள்ளுகிறார். மணிகா வென்ற அந்தக் கடைசி ஆட்டத்தைத் தோழி இதுவரை பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்றாள். நாங்கள் பார்த்துவிட்டு, பேருந்தில் அவளுக்குப் புள்ளி புள்ளியாகச் சொன்னோம்.