நிலாச்சோறும் விமானச்சோறும்

லம்பா லைனில் பொழுது சற்று முந்தியே புலர்கிறது. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தமானின் தலைநகரமோ அதற்கும் ஏறத்தாழ 10 பாகை கிழக்கே அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஆகவே கதிரவன் இங்கு கடிகாரத்தை 40 நிமிடம் முந்திக்கொள்கிறான்; சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 50 நிமிடத்தை நெருங்கும். ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே வெளிச்சம் பரவிவிடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கோ கதிரவனே கடிகாரம்.

பணி மாறுதலின் பொருட்டு இத்தீவுக்கு வந்து சேரும் இளம் குடும்பங்கள் முதலில் கற்கும் பாடம் இதுவே. எம் மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. ஊரில் காலை ஏழு மணிக்கு எழுந்தவள் இங்கு ஐந்தேகாலுக்கே எழுந்து பசிக்கிறது என்றாள். எட்டரைக்குச் சிற்றுண்டி என்ற பழைய முறையை அவள்மேல் திணித்தவரையில் ஒவ்வொரு வேளையும் அழுகையில் முடிந்தது. கதிரவனை ஒட்டி ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினொன்றரைக்கு மதிய உணவு, மாலை ஆறரைக்குள் இரவு உணவு என்று மாற்றியபின் தட்டு தானாகவே காலியாயிற்று. குழந்தை உண்ண மறுப்பதற்குப் பல வேளைகளில் உணவைக் காட்டிலும் நேரமே காரணம் என்பதை அன்று அறிந்தோம்.

விமானம் பார்த்து ஒரு கவளம்

லம்பா லைன், வீர் சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. சிப்பியின் வடிவை நினைவூட்டும் புதிய முனையம் 2023 ஜூலை 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. தலைநகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. எனினும் பேச்சுவழக்கில் போர்ட் பிளேர் என்ற பெயர் இன்னும் மறையவில்லை.

நிலவைக் காட்டிச் சோறூட்டுவது தமிழ்த் தாய்மாரின் தொன்றுதொட்ட வழக்கம். மழை மேகம் பாதி ஆண்டுக்கு மேல் வானை மூடிக்கொள்ளும் இத்தீவில் நிலவை நம்பியிருக்க இயலாது. விமானத்தை நம்பலாம். பகல் உணவு வேளையில் மொட்டைமாடியில் அமர்ந்தால், கடலின் பக்கமிருந்து ஒரு புள்ளி தோன்றி, பெரிதாகி, வீட்டின் மேல் இரைச்சலுடன் தாழ்ந்து இறங்கும். அந்தப் புள்ளி தெரிந்தவுடன் ஒரு கவளம், சக்கரம் தெரிந்தவுடன் ஒரு கவளம், தரையிறங்கியபின் ஒரு கவளம். அதில் யார் வருகிறார்கள் என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு நாளும் தவறாமல் எழும். "ஆச்சி வாராங்களா?" என்பாள். இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம்.

கப்பலை எதிர்நோக்கும் அடுக்களை

சென்னையிலிருந்து இத்தீவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பயணிகள் கப்பலில் வந்தால் மூன்று நாள் ஆகும். அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் பெரும்பகுதி கடல் கடந்தே இங்கு வருகிறது. வங்கக் கடலில் புயல் எழுந்து கப்பல் தாமதமாகும் வாரத்தில், தக்காளியின் விலையைக் கேட்டுவிட்டு ரசத்தில் புளியைக் கூட்டுவது இங்குள்ள இல்லத்தரசிகளின் இயல்பான அறிவு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

ஆயினும் தீவு வெறுங்கையுடன் நிற்பதில்லை. தேங்காய், வாழை, பப்பாளி, பூசணி, சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை ஆகியவை உள்ளூரிலேயே விளைகின்றன. ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் காலையில் புதிய மீன் கிடைக்கும். கப்பலில் வருவதை எண்ணிச் சமைக்காமல் மண்ணிலும் கடலிலும் கிடைப்பதை எண்ணிச் சமைக்கத் தொடங்கினால் செலவும் குறையும், குழந்தையின் தட்டும் நிறம் பெறும்.

எம் வீட்டில் நிலைபெற்ற உணவு ஒன்றைச் சொல்லலாம். இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு துண்டு மஞ்சள் பூசணி ஆகியவற்றைக் குழைய வேகவைத்து, இறக்கும்போது கால் கோப்பைத் தேங்காய்ப்பால் சேர்த்து, ஒரு சிட்டிகைச் சீரகப்பொடி தூவினால் கஞ்சி தயார். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் இதற்குத் தடையில்லை.

கைக்குழந்தை உள்ள வாசகர்கள் சில அடிப்படைகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன்பின் தாய்ப்பாலோடு குழைந்த திட உணவைத் தொடங்கலாம். 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறையும், அதன்பின் 3 அல்லது 4 முறையும் ஊட்டலாம். ஓராண்டு நிறையும்வரை உப்பும் சர்க்கரையும் தவிர்க்கத்தக்கவை. தேன் அறவே கூடாது. மீனைத் தரும்போது முள்ளை விரல்களால் தடவிப் பார்த்து நீக்குவது கட்டாயம். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள அங்கன்வாடியையோ மருத்துவரையோ அணுகலாம்.

மச்லியும் மீனும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வசிப்போர் 3.8 இலட்சம். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று ஒவ்வொரு தெருவிலும் பல மொழிகள் கலந்து ஒலிக்கின்றன. தமிழ்வழிக் கல்வி தரும் அரசுப் பள்ளிகளும் உண்டு. எனினும் கடைவீதியிலும் விளையாட்டுத் திடலிலும் எல்லோரையும் இணைக்கும் பொதுமொழி இந்தியே.

குழந்தைகள் பொதுமொழியை விரைவில் பற்றிக்கொள்கிறார்கள். அது நல்லதே. ஆறு மாதத்துக்குள் எம் மகளுக்கு மீன் மச்லியாயிற்று, தண்ணீர் பானியாயிற்று. சந்தையில் வஞ்சரத்தைச் சுர்மாய் என்று கேட்டு வாங்கினால்தான் வேலை நடக்கும் என்பதால் நாங்களும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி காணொளியில் அழைத்த ஒரு மாலைதான் எங்களை நிறுத்தி யோசிக்கவைத்தது. பேத்தி நீண்ட நேரம் உற்சாகமாக ஏதோ சொன்னாள். ஆச்சி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அவள் நகர்ந்தபின், "புள்ள என்ன சொல்லுதான்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலயேம்மா" என்றார்கள். அவர்களுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று நாள் கடற்பயணத்தை உடல் தாங்காது. விமானப் பயணமோ ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்தால் பெரிது. பேச்சு ஒன்றே அவர்களுக்குப் பேத்தியிடம் செல்லும் வழி. அந்த வழி அடைபட்டால் எஞ்சுவது நிழற்படம் மட்டுமே.

அன்றுமுதல் அடுக்களையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. உண்ணும் பொருள் எதுவாயினும் அதன் தமிழ்ப் பெயரைச் சொல்லியே தட்டில் இடுவது. இந்திப் பெயரை மறக்கச் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைப்பது. மச்லி என்றால் மீன், அதிலும் இது வஞ்சரம், இது சூரை, இது நெத்திலி. நாவில் சுவை நிற்கும்போது காதில் விழும் சொல் எளிதில் கலைவதில்லை. குழைவு, மொறுமொறுப்பு, துவர்ப்பு, காரல் என்று சுவைச் சொற்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு நாள் நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "தண்ணி இனிக்குது, ஆச்சிகிட்ட சொல்லணும்" என்றாள். சொன்னாள், ஆச்சிக்கு விளங்கியது.

கடலடியில் வரும் குரல்

இந்த மாலைநேர உரையாடல் சில ஆண்டுகளுக்கு முன்வரை எளிதாக இருந்ததில்லை. தீவுகளின் இணையம் அப்போது செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் வரை கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழைக் கம்பிவடம் பதிக்கப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். வணிகத்துக்கும் கல்விக்கும் வங்கிச் சேவைக்கும் அது பயன்படுவதை அனைவரும் அறிவர். ஒரு பாட்டியின் குரல் தடையின்றி வந்து சேர்வதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உறவினரோடு எப்போதாவது பேசும் காணொளி அழைப்பைத் தவிர, திரையே கூடாது என்கிறது. 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே இரவு உணவின்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். ஆச்சியின் குரல் மட்டும் கதை சொல்லும். குழந்தையின் கண் தட்டில் இருக்கும். உண்டு முடித்தபின் கைப்பேசி நிமிர்த்தப்படும்; முகம் பார்த்து ஒரு முத்தம் பரிமாறப்படும். எங்களுக்கு இருட்டிய வேளையில் பாளையங்கோட்டையின் வாசலில் இன்னும் வெயில் படிந்திருப்பதைக் கண்டு மகள் வியப்பாள். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

உண்டியலில் ஒரு தீவு

வங்கி வாடிக்கையாளர்கள் விரும்பக்கூடிய சிறு மகிழ்ச்சி ஒன்று இங்கு உண்டு. 2001இல் வெளிவந்த செந்நிற 20 ரூபாய் நோட்டு இன்னும் உங்கள் கையில் இருந்தால், அதன் பின்புறத்தைப் பாருங்கள். தென்னைகளுக்கு நடுவே கடலும், அப்பால் கலங்கரை விளக்கமும் மலையும் தெரியும். அது போர்ட் பிளேரிலிருந்து காணும் மவுண்ட் ஹேரியட் காட்சி. 2021இல் அம்மலைக்கு மவுண்ட் மணிப்பூர் எனப் பெயரிடப்பட்டது. 2019இல் வந்த புதிய 20 ரூபாய் நோட்டில் எல்லோராக் குகை இடம்பெற்றது; பழைய நோட்டும் செல்லும். நோட்டிலுள்ள இடத்தை நேரில் காட்டியபோது மகள் நோட்டையும் மலையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எங்கு செந்நிற நோட்டு கிடைத்தாலும் அது அவளுடைய மண் உண்டியலுக்குரியதாயிற்று. அந்த உண்டியலுக்கு "ஆச்சி டிக்கெட்" என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

உண்டியல் பழக்கத்துக்கு நல்லது. பயணத்துக்கு அதைவிடத் திட்டம் வேண்டும். தொலைவில் வாழும் குடும்பங்கள் மூன்று தனிக் கணக்குகளை மனத்தில் வகுத்துக்கொள்வது நலம். முதலாவது, ஊரில் மூத்தோர்க்கு உடல்நலம் குன்றினால் உடனே புறப்படுவதற்கான தொகை. இது குடும்பம் முழுமைக்குமான கடைசி நேர விமானக் கட்டணத்தை ஈடுகட்டுவதாயும், எந்நேரமும் எடுக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆண்டு விடுமுறைக்கான தொடர் வைப்பு. பயண மாதத்துக்கு முன்பே முதிர்வடையுமாறு அதைத் தொடங்கினால் முன்பதிவுக்குக் கைகொடுக்கும். மூன்றாவது, குழந்தையின் எதிர்காலத்துக்கானது. பெண் குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். நிதியாண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 இலட்சம் ரூபாய் செலுத்தலாம். 15 ஆண்டு செலுத்தினால் போதும். கணக்கு 21 ஆண்டில் முதிர்வடையும்.

இவற்றுள் முதலாவதையே பலர் ஒத்திப்போடுகின்றனர். தீவில் வாழ்வோர்க்கு அது ஒத்திப்போடத்தக்கது அன்று. கடைசி நேரப் பயணச்சீட்டின் விலையை நினைத்து ஓர் இரவு தயங்கி நிற்பதும், தயங்காமல் புறப்படுவதும் வாழ்நாள் முழுதும் மனத்தில் தங்கும் வேறுபாடு.

கதிரவனை ஒட்டிய உணவு நேரம், தீவில் விளைந்த பூசணி, தட்டோடு சேர்ந்து வரும் தமிழ்ச்சொல், மாலையில் ஒலிக்கும் ஒரு குரல் ஆகியவற்றுக்கு அதிகப் பொருள் தேவையில்லை. அன்றாடம் தவறாமல் செய்யும் ஒழுங்கு மட்டுமே தேவை. சேமிப்பும் அவ்வாறே. சிறு தொகையாயினும் மாதந்தோறும் இட்டு வந்தால், உறவினர் இருக்கும் கரைக்குச் செல்ல வேண்டிய நாளில் அது துணை நிற்கும்.