தஞ்சை சரசுவதி மகாலின் ஐரோப்பிய ஓவியத் தாள்கள்: கைவரைவும் அச்சும்

முன்னுரை

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் யவனர் இருக்கைகள் இருந்தமையைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. அதே கடற்கரையில் தெற்கே அமைந்த தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டேனியர் நிலைகொண்டனர். 1706இல் சீகன்பால்கும் 1750இல் ஷ்வார்ட்சும் அங்கு வந்த சமயத் தொண்டர்கள். பின்னர்த் தஞ்சையில் தங்கிய ஷ்வார்ட்சு, இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். கடல்வழி வந்த ஐரோப்பியக் கல்வி தஞ்சை அரண்மனையை அடைந்த வழிகளுள் இது முதன்மையானது. அக்கல்வியின் பயனாகத் திரண்ட ஓவியத் தாள்களுள், பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ பிரனின் பெயரால் வழங்கும் முகக்குறித் தொகுதி குறிப்பிடத்தக்கது. அத்தகைய தாள்களைக் கைவரைவு என்பதா, அச்சு என்பதா என்னும் வினாவையும் விடையால் வரும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திரட்டின் வளர்ச்சி

1798 முதல் 1832 வரை ஆட்சியிலிருந்த இரண்டாம் சரபோஜி, முன்னோர் விட்டுச்சென்ற சுவடிகளோடு 4,000க்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்களைச் சேர்த்தார். 1826இல் அவரைச் சந்தித்த கல்கத்தா ஆயர் ஹீபர், லின்னேயசு, பூஃபோன், லவாசியே ஆகியோரின் கருத்துகளை மன்னர் எடுத்தாளும் திறத்தைப் பதிவு செய்துள்ளார். விலங்கியல், உடற்கூறு, மருத்துவம் ஆகிய துறைகளில் மன்னருக்கிருந்த இந்த ஈடுபாடே படத்தாள்களை வாங்கியதற்கும் அடிப்படையாகும். அரண்மனைக்குரியதாயிருந்த நூலகம் 1918இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அரச விருப்பத்தால் வளர்ந்த திரட்டு, அதன்பின் ஆய்வுக்குரிய பொதுச் சான்றாக மாறியது.

லெ பிரனின் முகக்குறி ஓவியங்கள்

லெ பிரன் (1619–1690) பதினான்காம் லூயியின் தலைமை ஓவியர். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டுக் குணத்தை அறியலாம் என்னும் கருத்தை 1671இல் பாரிசு ஓவியக் கழகத்தில் உரையாக வழங்கினார். அதற்கென வரைந்த கைவரைவுகள் அவர் மறைவுக்குப்பின் அரசுடைமையாகி, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் பின்பற்றிய செதுக்கச்சுப் படங்கள் 1806இல் பாரிசில் வெளியாயின. 1827இல் இலண்டனில் கல்லச்சுப் பதிப்பொன்று வந்தது. அப்பதிப்பின் ஆங்கிலத் தலைப்பே அவற்றைக் ‘கல்லச்சு வரைவுகள்’ என்று குறிக்கிறது. அச்சுத்தாளை வரைவு என வழங்கும் மயக்கம் இவ்வாறு பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது.

வேறுபடுத்தும் முறை

செதுக்கச்சில் செப்புத்தகட்டைத் தாளோடு சேர்த்து அழுத்துவதால், படத்தைச் சுற்றித் தகட்டு விளிம்பின் தடம் பள்ளமாகப் பதியும். தாளின் ஓரம் வெட்டப்பட்டிருப்பின் அத்தடம் மறையும். அந்நிலையிலும் உருப்பெருக்கியின்கீழ்க் கோடுகள் நுனியில் கூர்ந்து முடிவதையும், மை தாளின்மேல் சற்றே புடைத்து நிற்பதையும் காணலாம். கல்லச்சில் அத்தகைய தடம் இராது. மெழுகுக்கோலின் மணிமணியான புள்ளித்தன்மை தெரியும். கைவரைவிலோ திருத்தமும் கோட்டின் அழுத்த வேறுபாடும் தாளிலேயே புலப்படும். ஆங்கிலேய ஆலைத் தாள்கள் பலவற்றில் நீர்க்குறியோடு ஆண்டும் அமைந்திருக்கும். தாள் செய்யப்படுவதற்கு முன் படம் அச்சாகியிருக்க இயலாது என்பதால், அவ்வாண்டு கால ஆய்வின் மேல் எல்லையை வகுக்கிறது.

வேறுபாட்டின் பயன்

அச்சுத்தாள் ஒன்றைக் கைவரைவு எனப் பதிந்தால், பதினேழாம் நூற்றாண்டுப் பாரிசு ஓவியரின் கைப்படைப்பு தஞ்சைக்கு வந்ததாகப் பிழையான வரலாறு எழும். வெறும் படி என்று ஒதுக்கினாலும் இழப்பே நேரும். முகக்குறித் தாள் 1806ஆம் ஆண்டுச் செதுக்கச்சாயின் அந்த ஆண்டுக்கு முன்பும், 1827ஆம் ஆண்டுக் கல்லச்சாயின் அதற்கு முன்பும் தஞ்சையை அடைந்திருக்க இயலாது. மன்னர் 1832இல் மறைந்தார். ஆகவே, அவரே வாங்கிய தாள் கல்லச்சு எனத் தெளிந்தால், ஐரோப்பாவில் வெளியானது சில ஆண்டுகளுக்குள் காவிரிக்கரை அரண்மனையில் பயிலப்பட்டது என்பது உறுதிப்படும்.

இதனோடு ஒப்பிடத்தக்கவை, சரபோஜியின் மருத்துவப் பணியோடு தொடர்புடைய கண்ணோய்ப் படங்கள். நோயாளிகளின் கண்களை நோய்க்குறிப்போடு வரைந்து வைத்த இவை தஞ்சையிலேயே உருவானவை. ஆதலின் உண்மையான கைவரைவுகள். உறுப்பை நேரிற்கண்டு நுணுகி வரையும் ஐரோப்பிய மருத்துவப் பட மரபு, தஞ்சை ஓவியரின் கையில் நோயறியும் கருவியாகப் பயன்பட்டமைக்கு இவை சான்று.

முடிவுரை

வெளியிலிருந்து வந்த அச்சும் உள்ளூரில் எழுந்த கைவரைவும் ஒரே திரட்டில் இருப்பதே தஞ்சைத் தொகுதியின் தனிச்சிறப்பு. ‘ஐரோப்பிய ஓவியம்’ என்னும் பொதுப்பெயர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, தஞ்சை ஓவியரின் பங்கை மறைத்துவிடுகிறது. ஆக்கமுறை, தாள், நீர்க்குறி, வாங்கிய குறிப்பு ஆகிய நான்கும் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே பதிவாகும்போது, மன்னர் எதனைப் பெற்றார், தஞ்சை எதனைப் படைத்தது என்பது தெளிவுறும்.