காய்ச்சாத பாற்கட்டி: சுவை யாருக்கு, ஆபத்து யாருக்கு?

பிரான்சில் காய்ச்சாத பாலில் செய்யப்படும் பாற்கட்டி (சீஸ்) உணவு மட்டுமல்ல, அரசியலும்கூட. நோர்மண்டிக் கமெம்பேருக்கான பாலைச் சூடாக்க அனுமதிக்கும்படி 2007இல் பெரிய நிறுவனங்கள் கேட்டபோது, சிறு உற்பத்தியாளர்கள் அதை மரபின் மீதான தாக்குதலாகக் கண்டனர். 2008இல் பச்சைப்பாலே கட்டாயம் என்ற விதி நிலைத்தது. பெருமூலதனத்துக்கு எதிரான இக்குரல் நமக்கும் உவப்பானதே. எனினும், இம்மரபின் ஆபத்தைச் சுமப்பவர்கள் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

சுவிசின் வோ கன்ரோனில் 1983 முதல் 1987 வரை 122 பேர் லிஸ்ரீரியா நோய்க்கு ஆளாயினர். 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கு மேற்பட்டவை தாயையும் சிசுவையும் தாக்கியவை. காரணம், வஷ்ரான் மொன்டோர் என்ற மென்மையான பாற்கட்டி. அதை முதிர வைக்கும் நிலவறைகளின் மரத்தட்டுகளிலும் தூரிகைகளிலும் அந்தப் பக்டீரியா காணப்பட்டது. ஆகவே பாலைச் சூடாக்கினாலும், பின்னர் தொற்று ஏற்பட இடமுண்டு.

லிஸ்ரீரியா குளிர்சாதனப் பெட்டியிலும் பெருகும். ஈரப்பதன் மிகுந்த, முதிரும்போது புளிப்புக் குறையும் மென்மையான பாற்கட்டி அதற்கு வாய்ப்பான இடம். கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சலோடு போய்விடலாம். ஆனால் சிசு இறக்கவோ குறைமாதத்தில் பிறக்கவோ கூடும். அறிகுறிகள் வாரங்கள் கழித்தும் தோன்றுவதால், உண்டது நினைவில் இராது. பச்சைப்பாலில் வரக்கூடிய சிலவகை ஈ.கோலை பக்டீரியாக்கள் சிறுவரின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இதனாலேயே ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாமெனப் பிரெஞ்சு அரசு அறிவுறுத்துகிறது.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. குறூயேர், கொம்தே ஆகியனவும் பச்சைப்பாலில் செய்யப்படுபவையே. ஆனால் அவற்றின் தயிர்க்கட்டி 50 பாகைக்கு மேல் சூடாக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, மாதக்கணக்கில் முதிர வைக்கப்படுவதால் ஆபத்து மிகக் குறைவு.

பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதது நம் வீட்டு வழக்கம். பாற்கட்டியைப் பொறுத்தவரை அந்தக் காவல் நம் அடுப்பிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது. எஞ்சுவது உறையிலுள்ள 'லே க்றூ' என்ற இரு சொற்கள். அவற்றின் பொருள் பச்சைப்பால். கணவனோ பிள்ளையோ மொழிபெயர்த்தால் மட்டுமே வைத்தியரின் அறிவுரையைக் கேட்கும் பெண்ணுக்கு இச்சொற்களை யார் சொல்லிக் கொடுத்தோம்? மரபைப் பேணுவதா என்று விவாதிக்க நமக்கு நேரமிருக்கிறது. அவளுக்கு இன்றே தெரியவேண்டியது இது: கர்ப்பகாலத்தில் மென்மையான பச்சைப்பாற் பாற்கட்டி வேண்டாம், உண்டபின் காய்ச்சல் வந்தால், எதை உண்டாள் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.