வாசலுக்கு வெளியே நிற்கட்டும் கடன்!

திருவதிகை, பண்ருட்டி பக்கத்துத் தெருக்களில் இது வழக்கமான காட்சி. காலையில் பெண்கள் பத்துப் பேர் பாஸ்புக்கும் பணமுமாக ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். குழுக் கடனுக்குத் தவணை கட்டும் நாள் அது. பலாவும் முந்திரியும் வரும் பருவத்தில் கையில் நாலு காசு புழங்கும். பருவம் முடிந்து, முந்திரி உடைக்கும் வேலை குறைந்தாலும் தவணை மட்டும் குறையாது. பணம் புரளாத வாரத்தில், வசூலுக்கு வருபவரின் பைக் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

வேலை நிச்சயமில்லை, கடன் மட்டும் நிச்சயம் என்ற இந்த நிலை எல்லா ஊரிலும் உண்டு. மத ஒழுக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக இதைச் சமாளித்து வந்திருக்கின்றன. அவர்களின் அனுபவத்தில் நமக்கும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடலில் போன குடும்பப் பணம்

12-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ். அவர் படிப்பில் மூழ்கியிருக்க, தம்பி தாவீது ரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட தம்பியின் கப்பல் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது. தம்பியோடு அவருடைய பணமும், அண்ணனின் பணமும், பிறர் கொடுத்து அனுப்பிய பணமும் போயின. தம்பியின் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் அண்ணன் பொறுப்புக்கு வந்தார்கள்.

செய்தி கேட்ட நாளில் படுத்தவர், ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்ததாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிறகு எழுந்தார். மத அறிவைக் காட்டி ஊர்ப் பணத்தில் வாழ்வது தவறு என்று நினைத்தவர் அவர். அதனால் மருத்துவத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். அரசவை மருத்துவராக உயர்ந்தார்.

அவர் தொகுத்த சட்ட நூலில் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார். எது முதல் படி தெரியுமா? அன்னதானம் இல்லை. விழப்போகிறவருக்குக் கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொள்வது, வேலை தேடிக் கொடுப்பது. ஒருவர் கையேந்தும் நிலைக்கு வருவதற்கு முன்பே தாங்கிப் பிடிப்பதுதான் உயர்ந்த தர்மம் என்கிறார்.

தள்ளிப்போட முடியாத செலவுகள்

வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். வேலை கூடாது, பணத்தைத் தொடக்கூடாது. சனிக்கிழமை வரச்சொல்லும் வேலையை ஏற்க முடியாது. நூறு வருடத்துக்கு முன் நியூயார்க் தையல் கூடங்களில் வேலை பார்த்த யூதர்கள் பலருக்கு, சனிக்கிழமை வரவில்லை என்றால் திங்கள்கிழமை வேலை இருக்குமா என்பதே கேள்வி. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் ஒரு பஞ்சாலை, யூதத் தொழிலாளர்களுக்காக 1908-ல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை விட்டது. பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய இரண்டு நாள் வார விடுமுறைக்கு இது ஒரு முன்னோடி.

செலவுப் பக்கமும் கனமானது. மத முறைப்படி அறுத்த கோஷர் இறைச்சிக்கு விலை அதிகம். பாஸ்கா பண்டிகைக்குத் தனி உணவு. பிள்ளைகளை மதப் பள்ளியில் சேர்த்தால் கட்டணம். நம் வீட்டில் தீபாவளி, காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று வரிசைகட்டி நிற்பதைப் போலத்தான்.

இதற்கு அவர்களின் தல்மூத் நூல் ஒரு வழி சொல்கிறது. பிறர் தயவை எதிர்பார்ப்பதைவிட, ஓய்வுநாள் விருந்தைச் சாதாரண நாள் சாப்பாடாகச் சுருக்கிக்கொள்வது மேல் என்பது ரபி அகிவாவின் கருத்து. கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடாதே என்று மத குருவே சொல்கிறார்! அதேசமயம், எதுவுமே இல்லாத ஏழைக்கும் பாஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் கிடைக்கும்படி ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடம்பரத்தைக் குடும்பம் குறைத்துக்கொள்கிறது, அடிப்படையை ஊர் தாங்கிக்கொள்கிறது.

கடன் கொடுத்தவருக்கும் கட்டுப்பாடு

பைபிளின் உபாகமம் பகுதியில் கடன் கொடுத்தவருக்குச் சில தடைகள் உண்டு. அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடனாளியே கொண்டுவந்து கொடுப்பார். மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகு பிடிக்கக்கூடாது. அது பிழைப்புக்கான கருவி. ஏழையின் போர்வையை அடகு வாங்கியிருந்தால், பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். கட்ட வழியில்லை என்று தெரிந்தால், கடனாளியின் கண்ணில் படும்படி நடமாடவும் கூடாது என்று பிற்கால அறிஞர்கள் சேர்த்தார்கள்.

வாங்கியவருக்கும் பொறுப்பு உண்டு. கடன் பணத்தை வீணாகச் செலவழித்துவிட்டுக் கையை விரிப்பது பாவம் என்கிறார் மைமோனிடஸ்.

ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடன்கள் தள்ளுபடி என்ற விதியும் இருந்தது. ஆனால், ஏழாம் ஆண்டு நெருங்கும்போது பணக்காரர்கள் கடன் தருவதையே நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்டது ஏழைகள்தான். அதனால் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் என்ற அறிஞர், நீதிமன்றத்திடம் கடனை ஒப்படைத்தால் அது தள்ளுபடி ஆகாது என்று வழி செய்தார். தள்ளுபடியைவிட, தொடர்ந்து கடன் கிடைப்பது முக்கியம் என்று அவர் நினைத்தார்.

95 டாலரில் தொடங்கிய உதவி

யூதர்கள் தங்களுக்குள் வட்டி வாங்குவதை மதம் தடுக்கிறது. அதனால் பிறந்ததுதான் 'கெமாக்' என்ற வட்டியில்லாக் கடன் நிதி. இன்று பணம் மட்டுமல்ல, கல்யாண உடை, தொட்டில், மருந்து எல்லாம் இரவல் தரும் கெமாக்குகள் உண்டு. நியூயார்க்கில் 1892-ல் வெறும் 95 டாலர் முதலோடு தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் இயங்குகிறது. வட்டி கிடையாது, ஜாமீன் போட ஆள் வேண்டும். எந்த மதத்தவரும் கேட்கலாம்.

நம்மிடமும் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து மொய் விருந்து, ஊரே சேர்ந்து ஒருவருக்கு முதல் திரட்டித் தரும் ஏற்பாடுதானே! திருவதிகையிலும் பழைய கதை உண்டு. பெற்றோரை இழந்து தமக்கை திலகவதியாரோடு வளர்ந்த மருள்நீக்கியார்தான் பின்னாளில் அப்பர் ஆனார். அந்தத் துக்கத்திலும் அவர் அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது.

நம் நாட்டிலும் யூதர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். கொங்கண் கரையில் செக்கு ஆட்டிய பெனே இஸ்ரேல் சமூகத்தவர் சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள். ஊரார் அவர்களை 'சனிவார தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தார்கள். ஒரு நாள் வருமானம் போனாலும் அவர்கள் ஓய்வுநாளை விடவில்லை.

இன்று நமக்கு இருக்கும் வாசற்படி

உபாகமம் சொன்னதற்கு நெருக்கமான பாதுகாப்பு இன்று நமக்கும் உண்டு. நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

• ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது.

• குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

• காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மிரட்டல், வசைச்சொல் கூடாது.

• வசூல் நடக்க வேண்டியது இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம்.

• முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது.

மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு கடன் வாங்கி இந்தக் கடனைக் கட்டுவதற்கு முன், எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். எதை முதலில் அடைப்பது, எந்த விசேஷத்தைச் சுருக்குவது என்று தெளிவாகும். வேலை போன விஷயத்தை உறவிடம் மறைக்காதீர்கள். யாராவது வேலை சொல்ல வேண்டுமென்றால், அவர்களுக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டுமே!

ஓய்வுநாளில் யூதர்கள் வீட்டில் பண விஷயம் பேசுவதில்லை. எவ்வளவு கடன் இருந்தாலும் அந்த ஒரு நாள் விளக்கேற்றி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம் வீட்டிலும் வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டையாவது அப்படி வைத்துக்கொள்ளலாம். கடன் நோட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். மறுநாள் காலை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம்.