எசுப்பானிய மூவிடப்பெயர்களும் வினைக்காலங்களும்

எசுப்பானிய மூவிடப்பெயர்களும் வினைக்காலங்களும் அம்மொழியைப் புதிதாகக் கற்போர் முதலில் எதிர்கொள்ளும் இலக்கணப் பகுதிகளாகும். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள எசுப்பானியத்தைத் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே கற்கின்றனர். ஆயினும் இப்பகுதியில் ஆங்கிலத்தைவிடத் தமிழே நல்ல துணையாகும். கீழ்வரும் எடுத்துக்காட்டுகளில் அழுத்தம் பெறும் உயிர் நெடிலாக எழுதப்பட்டுள்ளது.

மூவிடப்பெயர்கள்

யோ (நான்), தூ (நீ), உஸ்தேத் (நீங்கள், ஒருவரை மதிப்புடன்), ஏல் (அவன்), ஏய (அவள்), நொஸோத்ரொஸ் (நாம், நாங்கள்), ஏயொஸ் (அவர்கள்) என்பன அடிப்படையானவை. பலரை முன்னிலையில் அழைக்க இலத்தீன் அமெரிக்காவில் உஸ்தேதெஸ் மட்டுமே வழங்குகிறது. எசுப்பானியாவில் நெருக்கமானோரைப் பொஸோத்ரொஸ் என்பர்.

உஸ்தேத் என்பது "தங்கள் மேன்மை" எனப் பொருள்படும் பழந்தொடரின் குறுக்கம். ஆகவே முன்னிலையைக் குறித்தாலும் படர்க்கை வினையையே ஏற்கும்.

தமிழில் உள்ள நாம், நாங்கள் வேறுபாடு எசுப்பானியத்தில் இல்லை. இத்தகைய வேறுபாட்டை ஐரோப்பிய நூல்களில் முதலில் பதிவு செய்தவர் ஓர் எசுப்பானியரே. தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் 1560-இல் வெளியிட்ட கெச்சுவா மொழி இலக்கணத்தில் அது விளக்கப்பட்டுள்ளது.

வினை

"செய்கிறேன்" என்றாலே "நான்" விளங்குவது போல, எசுப்பானியத்திலும் விகுதி இடத்தைக் காட்டுவதால் எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும்:

த்ரபாஹொ என் நெய்வேலி – நெய்வேலியில் வேலை செய்கிறேன்.
த்ரபஹோ என் நெய்வேலி – (அவர்) நெய்வேலியில் வேலை செய்தார்.

இரண்டிற்கும் எழுத்தில் ஓர் அழுத்தக் குறியே வேறுபாடு. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாததால் நம்மவர் இதைத் தவறவிடுகின்றனர். வேலை விண்ணப்பத்தில் அக்குறி தவறினால் ஆளும் காலமும் ஒருங்கே மாறிவிடும். த்ரபாஹன் என்பதன் இறுதி "அன்" ஆண்பால் விகுதி போலத் தோன்றினாலும் அது பலர்பாலைக் குறிப்பது. எசுப்பானிய வினைவிகுதி ஆண், பெண் வேறுபாடு காட்டுவதில்லை.

இறந்தகாலம் இரண்டாகப் பிரிவதே கற்போர்க்குக் கடினமான இடம். முடிந்த செயலுக்கு த்ரபஹே (வேலை செய்தேன்). தொடர்ந்து நிகழ்ந்ததற்கும் வழக்கமாக நடந்ததற்கும் த்ரபஹாப. "அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன்", "அந்நாளில் இரவில் வேலை செய்வேன்" ஆகிய இரண்டும் இதனுள் அடங்கும். தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் இதே வடிவம் வருவதால், ஐயம் எழுமிடத்து யோ, ஏல் என எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எதிர்காலத்திற்குப் பேச்சில் "போய் அ த்ரபஹார்" என்பர். சொல்லுக்குச் சொல் "வேலை செய்யப் போகிறேன்" என்பதே இது. இங்குள்ள "போய்" தமிழ்ச்சொல்லை ஒத்திருப்பது தற்செயலே.

நான்காம் வேற்றுமைத் தொடர்

"மெ கூஸ்த எல் கஃபே" என்பது "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதைப் போலவே அமைந்தது. ஆங்கிலவழி மாணவர் இதில் "யோ"வை எழுவாயாக்கித் தடுமாறுவர். தமிழர்க்கு இது பழகிய அமைப்பு. ஆனால் பிடிக்கும் பொருள் பன்மையானால் வினையும் மாறும்: மெ கூஸ்தன் லொஸ் மாங்கொஸ் (எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும்).

எதிர்த்திசையில் ஒரு முன்னோடி

16-ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கேயரான அன்றிக்கே அன்றீக்கசு, இலத்தீன் இலக்கண வாய்பாடுகளைக் கொண்டு தமிழ் வினைகளை வகைப்படுத்திப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். இவரது தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது.