துரு பெயர்க்கும் காற்றுச் சுத்தி: பராமரிப்பும் பாதுகாப்பும்

ஏரியில் நீர் நிறைந்திருந்தும் மதகின் இரும்புப் பலகை எழும்பாவிடில் கடைமடைக்கு நீர் சேராது; எழுந்த பலகை இறங்காவிடில் தேக்கிய நீர் வீணே ஓடிவிடும். இவ்விரு தீமைகளுக்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது துருவே. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் பலகைக்கும் அது ஓடும் காடிக்கும் இடையிலுள்ள சிறு சந்தினைத் துரு நிரப்பி, பலகையை அசையவொட்டாமல் இறுக்கிவிடுகிறது.

40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் நமது மாநிலத்தில் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது மதகுப் பலகையின் துருவை நீக்கி வர்ணம் பூசுதல் அப்பொறுப்பின் ஒரு பகுதியாகும். உளியும் சுத்தியலும் கொண்டு பல நாட்கள் செய்த இவ்வேலையை, காற்றழுத்தத்தால் இயங்கும் கைக்கருவி விரைவில் முடித்துவிடுகிறது. பட்டறைகளில் இதனை ‘நீடில் ஸ்கேலர்’ அல்லது ‘நீடில் கன்’ என்பர். வேலையை எளிதாக்கும் இக்கருவி, கவனம் தவறினால் கையையும் கண்ணையும் கெடுக்கவல்லது. ஆகவே இதனைப் பேணும் முறையையும், பழுது பார்க்கும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கருவியின் அமைப்பு

கருவியின் உடல் ஓர் எஃகு உருளை. அதனுள் பிஸ்டன் ஒன்று முன்னும் பின்னும் ஓடுகிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை உள்ளிருக்கும் வால்வு ஒரு முறை பிஸ்டனின் பின்புறத்துக்கும், மறுமுறை முன்புறத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்து அடிதாங்கி என்னும் எஃகுத் துண்டை அறைகிறது. அவ்வடி ஊசிகளின் தலைகளுக்குச் சென்று அவற்றை முன்னே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2,000 முதல் 4,500 வரை அடிகள் விழும். கருவியின் அளவுக்கேற்ப 12, 19 அல்லது 28 ஊசிகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே அசைவதால் மேடு பள்ளங்களிலும், போல்ட்டுத் தலைகளைச் சுற்றியும் புகுந்து துருவை உடைக்கின்றன.

பெரும்பாலான கருவிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றது. கருவியின் உடலிலோ, உடன் வரும் ஏட்டிலோ குறிக்கப்பட்டுள்ள அளவைத் தாண்டலாகாது. கிணறு வெட்டும் டிராக்டர் கம்ப்ரசரைப் பயன்படுத்துவதாயின் அதன் அழுத்தம் இதனினும் மிகுந்திருக்கலாம். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை இடையில் பொருத்திய பின்னரே கருவியை இணைக்க வேண்டும்.

முதல் விதி

இக்கருவியின் பணியில் எல்லாவற்றிலும் தலையாயது ஒரே விதி: கருவியில் எதனைத் தொடுவதாயினும் முதலில் காற்றை நிறுத்துக. ஊசி மாற்றுவதும், அழுக்குத் துடைப்பதும், முன்குழலைக் கழற்றுவதும் இதில் அடங்கும்.

காற்றை நிறுத்துதல் என்பது விசைப்பிடியை விட்டுவிடுவது மட்டுமன்று. முதலில் கம்ப்ரசர்ப் பக்கத்துக் குழாயடைப்பை மூடுக. இரண்டாவதாக, ஊசிகளை ஒரு மரக்கட்டையில் ஊன்றி விசைப்பிடியை அழுத்தி, குழாயினுள் தங்கிய காற்று முழுவதையும் வெளியேற்றுக. மூன்றாவதாக, குழாயைக் கருவியினின்றும் கழற்றுக. இம்மூன்றும் இவ்வரிசையிலேயே நடைபெற வேண்டும். அடைப்பை மூடிய பின்னும் குழாயில் நின்ற காற்று, பல அடிகள் அடிக்கப் போதுமானது. காற்று நிறைந்த குழாயைக் கழற்றினால் அது பாம்புபோல் சீறிச் சுழன்று அருகிலிருப்பவர் முகத்தில் அறையும்.

அன்றாடப் பேணல்

காலையில் கம்ப்ரசரின் காற்றுக் கொள்கலத்தின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரிந்து அடியில் தங்குகிறது. இந்நீர் கருவிக்குள் சென்றால், துருவை நீக்க வந்த கருவிக்கே துருப்பிடிக்கும். பின்னர் குழாயின் முனையை உறுதியாகப் பிடித்து, ஆளில்லாத திசை நோக்கிச் சில விநாடிகள் காற்றை விட்டு, உள்ளிருக்கும் மண்ணையும் தூசியையும் போக்குக.

அதன்பின், காற்று நுழையும் வாயில் காற்றுக் கருவிகளுக்கென விற்கும் மெல்லிய எண்ணெயைச் சில சொட்டுகள் விட வேண்டும். வேலை முடிந்ததும் மீண்டும் சில சொட்டுகள் விட்டு, ஊசிகளை மரக்கட்டையில் ஊன்றிச் சில விநாடிகள் இயக்கினால் எண்ணெய் உள்ளே எங்கும் பரவி, இரவில் துருப்பிடியாமல் காக்கும். என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது பிசினாகி வால்வை ஒட்டச் செய்யும்.

ஊசிகள் எதன்மீதும் படாமல் வெறும் வெளியில் கருவியை இயக்குவது சிலரிடம் காணப்படும் வழக்கம். இதனைத் தடுத்தல் வேண்டும். இரும்பு வாங்க வேண்டிய அடியைக் கருவியே வாங்கிக்கொள்வதால் ஊசித் தலைகள் முறிந்து, முன்குழல் வெடிக்கும்.

ஊசிகளும் பழுது பார்த்தலும்

வாரம் ஒரு முறை ஊசிகளை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். வளைந்தவை, தலை நசுங்கியவை, தேய்ந்து குட்டையானவை இருப்பின் முழுத் தொகுதியையும் மாற்றுவதே முறை. பழைய ஊசிகளிடையே புதிய ஊசிகள் இரண்டொன்றைச் செருகினால், நீளமான அவையே அடி முழுவதையும் தாங்கி விரைவில் ஒடியும். மழுங்கிய ஊசியை உலையில் காய்ச்சித் தட்டினால் எஃகின் பதம் கெட்டுவிடும்.

முன்குழலைக் கழற்றும்போது உள்ளே சுருள்வில் அழுந்தியிருப்பதை மறவாமல், முகத்தை விலக்கி மெல்லத் திருக வேண்டும். வைஸில் பிடிக்க நேர்ந்தால் செம்புத் தகடோ மரத்துண்டோ இடையில் வைத்து, கருவியின் தட்டையான பக்கத்தையே பிடிக்க வேண்டும். உருளையை இறுக்கினால் அதன் வட்டம் கெட்டுப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். பாகங்களை மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, நன்றாகத் துடைத்து, உடனே எண்ணெய் பூசுக. பெட்ரோலைக் கொண்டு கழுவுதல் தீ விபத்துக்கு வழியாகும்.

கருவியின் வேகம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டுவது தவறு. அழுத்தமானி குறித்த அளவைக் காட்டுகிறதா, குழாயில் கசிவு உண்டா, நுழைவாயின் சல்லடை அடைபட்டதா, எண்ணெயின்றிப் பிஸ்டன் காய்ந்ததா என இவ்வரிசையில் ஆராய்க. இவை யாவும் சரியாக இருந்தும் வேகம் வராவிடில் பிஸ்டனோ வால்வோ தேய்ந்திருக்கும். அதனைத் தேர்ந்த பட்டறைக்கு அனுப்புதலே தகும்.

குழாயின் விரைவு இணைப்பானைக் கருவியின் மேலேயே பொருத்தலாகாது. இடைவிடாத அதிர்வினால் அது தேய்ந்து விடுபடும். கருவியில் ஒரு குட்டைக் குழாயைத் திருகி, அதன் மறுமுனையில் இணைப்பானை அமைக்க வேண்டும். இணைப்பு விடுபட்டாலும் குழாய் வீசியடிக்காதவாறு இரு பக்கத்தையும் பற்றும் கம்பிவடம் ஒன்றையும் கட்டுதல் நன்று.

உழைப்பவர் உடல்நலம்

பெயர்ந்த துருச் சில்லும் ஒடிந்த ஊசியும் கண்ணில் பாயக்கூடும். எனவே பக்கங்களும் மூடிய கண்ணாடியின்றி எவரும் அருகில் நிற்கலாகாது. ஓசை 90 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பும் வேண்டும். வேலை முடிந்து உடையிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளும் வழக்கம் கொடியது. அழுத்தக் காற்று தோலில் உள்ள சிறு புண்வழியேயும் உடலினுள் புகும்.

அதிர்வினால் விளையும் தீங்கு உடனே தெரிவதில்லை. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு நகரில், காற்றுச் சுத்தியால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். குளிர் வேளையில் அவர்களுடைய விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளுத்து மரத்துப்போவதை அவர் பதிவு செய்தார். நமது வெப்ப நாட்டில் விரல் வெளுப்பது எளிதில் புலப்படாமலிருக்கலாம்; ஆனால் விரல்கள் கூசுதல், மரத்தல், பிடி தளர்தல் ஆகியன எச்சரிக்கைகளே. இருவர் மாறி மாறி வேலை செய்வதும், இடையிடையே ஓய்வு தருவதும், தேய்ந்த கருவியை ஒதுக்குவதுமே தக்க காப்பு. கையுறை மட்டும் போதாது.

மற்றொரு மறைவான ஆபத்தும் உண்டு. பழைய இரும்பு வேலைகளில் துருத் தடுப்பாகச் செவ்வீயம் என்னும் ஈயப் பூச்சு பூசப்பட்டிருக்கும். அதனை ஊசிகள் தூளாக்கும்போது எழும் தூசி நஞ்சாகும். குழந்தைகளுக்கு இது பெருங்கேடு. இத்தகைய பூச்சு என்ற ஐயம் எழுந்தாலே, நுண்தூசி வடிகட்டியுள்ள சுவாசக் கவசம் அணிதல் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு பயன்படாது. கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை முழுவதும் சேகரிக்க வேண்டும். ஏரி மண்ணில் அதனைக் கொட்டினால் நாம் குடிக்கும் நீரிலேயே அது கலக்கும். கைகழுவாமல் உணவோ, வெற்றிலையோ, பீடியோ தொடலாகாது. வேலை உடையை வீட்டுத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

துரு நீங்கிய இரும்பில் கருவி கக்கிய எண்ணெய்ப் படலம் தங்கும். அதனைத் துடைத்து அன்றே முதற்பூச்சு பூசாவிடில் மறுபடியும் துரு ஏறும். பலகையைத் தூக்கும் திருகுத் தண்டின் மரைகள்மேல் இக்கருவியைச் செலுத்தலாகாது. அவற்றைக் கம்பித் தூரிகையால் துலக்கிக் கிரீஸ் இடுவதே முறை.

ஊராட்சியின் கடமை

கருவி ஒப்பந்தக்காரருடையதாயினும் வேலை நம்முடையது. உழைப்பவர் நம் ஊர் மக்கள். ஆகவே வேலை தொடங்கும் ஒவ்வொரு காலையிலும் உறுப்பினர் ஒருவர் நான்கைக் கவனிக்கலாம். கொள்கலத்து நீர் வடிக்கப்பட்டதா? அழுத்தமானி குறித்த அளவில் நிற்கிறதா? குழாயும் கம்பிவடமும் உறுதியாக உள்ளனவா? கண், காது, மூச்சு ஆகிய மூன்றுக்கும் காப்பு உண்டா? இவற்றுடன் எண்ணெயிட்ட நாள், ஊசி மாற்றிய நாள், ஒவ்வொருவரும் கருவியைப் பிடித்த நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்தால், பழுதும் நோயும் முற்றுமுன் தெரியவரும்.

ஊசித் தொகுதி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மரத்துப்போன விரலுக்கு மாற்று எங்கும் கிடையாது. வேலையை விரைவில் முடிப்பதினும் காற்றை முறையாக நிறுத்திய பின் கருவியைத் தொடுவதே சிக்கனமென்று ஒவ்வோர் ஊரும் கொள்ளுமாயின், மதகும் திறக்கும். அதனைத் திறக்கும் கைகளும் நலமாயிருக்கும்.